கட்டுரைக்கும் நிரலுக்கும் ஓர் இருப்பிடம்: கூட்டாய்வுக்கான இணையத் தளங்களைத் தேர்தல்

முன்னுரை

உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் முதல் மாநாடு 1966ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நடைபெற்றது. அம்மாநாட்டுக் கட்டுரைத் தொகுதிகளை இன்றும் பல்கலைக்கழக நூலகங்களில் கேட்டுப் பெற்றுப் படிக்கலாம். அவற்றில் ஓர் ஆய்வாளர் கூறும் கருத்தை ஏற்கலாம், மறுக்கலாம். அதற்கு வேண்டிய சான்றுகள் பெரும்பாலும் கட்டுரையின் உள்ளேயே உள்ளன. 1997ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின்னர் தமிழ்க் கணிமை சார்ந்த கட்டுரைகள் பெருகலாயின. இவற்றின் நிலை வேறு. கட்டுரை தாளில் இருக்கும். அது விவரிக்கும் எழுத்துரு மாற்றியோ சொற்பிழை திருத்தியோ ஏதோ ஓர் இணைய முகவரியில் இருந்திருக்கும். அம்முகவரிகளுள் பல இன்று திறப்பதில்லை. கட்டணமின்றி இடமளித்த ஜியோசிட்டீஸ் என்னும் சேவை 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது, அதில் தங்கியிருந்த பக்கங்களும் அதனுடன் சென்றன. ஆவணக் காப்பகத்தார் சிலர் விரைந்து படியெடுத்தவை மட்டுமே எஞ்சின.

நிரல் இல்லாத நிலையில் கட்டுரை கூறும் முடிவைச் சரிபார்க்க இயலாது. உருபனியல் பகுப்பி ஒன்று நூற்றுக்குத் தொண்ணூறு சொற்களைச் சரியாகப் பிரிக்கிறது என்று ஒருவர் எழுதினால், அந்நிரலையும் அதற்கு இடப்பட்ட சொற்பட்டியலையும் காணாமல் அக்கூற்றை நம்புவது ஆய்வு ஆகாது; நல்லெண்ணம் மட்டுமே ஆகும். எனவே ஓர் ஆய்வுக் குழு எந்த இணையத் தளத்தில் கூடிப் பணியாற்றுவது, எங்கே தன் விளைபொருளை வைப்பது என்னும் வினா, தொழில்நுட்ப உதவியாளரிடம் ஒப்படைத்துவிடத்தக்க சிறு வினா அன்று.

ஒரு தளமா, பல தளங்களா?

தளம் தேடும் குழுக்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்துகொள்ளவே விரும்புகின்றன. இவ்விருப்பம் இயல்பானதே, ஆயினும் தொல்லையின் தொடக்கமும் இதுவே. கட்டுரையைக் கூடி எழுதுவது ஒரு பணி. நிரலை நாள்தோறும் மாற்றி, ஒருவர் மாற்றியதை மற்றொருவர் பார்வையிட்டு ஏற்பது மற்றொரு பணி. முடிந்த பொருளைப் பிற்காலத்தார் மேற்கோள் காட்டத்தக்க வகையில் மாற்றமின்றிக் காப்பது மூன்றாவது பணி. முதலிரண்டுக்கும் வேண்டியது மாற்றத்தின் எளிமை. மூன்றாவதற்கு வேண்டியது மாறாமை. முதலிரண்டுக்கும் மிகப் பொருத்தமான தளம் மூன்றாவதற்குப் பொருந்தாமற்போவது வியப்பன்று.

இம்மூன்றையும் பிரித்து வைத்து நெடுங்காலம் செம்மையாக நடந்துவரும் பணிக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு, ‘யுனிவர்சல் டிபெண்டென்சீஸ்’ எனப்படும் பன்மொழித் தொடரியல் மரவங்கித் திட்டமாகும். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளின் வாக்கியங்கள் ஒரே இலக்கண முறைப்படி பகுத்துக் குறிக்கப்பட்டுள்ள இத்திட்டத்தில் தமிழும் இடம்பெற்றுள்ளது. பிராகா நகரின் சார்லசுப் பல்கலைக்கழகத்தில் உருவான 600 வாக்கியங்கள் கொண்ட தமிழ் மரவங்கி அதன் ஒரு பகுதி. பல நாடுகளிலுள்ள பங்களிப்பாளர்கள் நாள்தோறும் செய்யும் திருத்தங்கள் கிட்ஹப் தளத்தில் நிகழ்கின்றன. ஆயினும் ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுவது கிட்ஹப் முகவரியை அன்று. ஆண்டுக்கு இருமுறை வெளியிடப்படும் பதிப்பு, பிராகாவின் லிண்டாட் என்னும் கல்விசார் களஞ்சியத்தில் எண்ணிட்டு வைக்கப்படுகிறது; அதுவே மேற்கோளுக்கு உரியது. பட்டறை ஓரிடத்திலும் பெட்டகம் வேறோரிடத்திலும் இருக்கின்றன. கிட்ஹப் நாளை இல்லாது போயினும், முந்தைய ஆண்டில் ஒருவர் எந்த வாக்கியங்களைக் கொண்டு தம் பகுப்பியைப் பயிற்றினார் என்பது அழியாது.

கிட் என்னும் கருவியும் தமிழ் எழுத்தும்

இன்று நிரல்சார் கூட்டுப்பணித் தளங்கள் ஏறத்தாழ யாவும் ‘கிட்’ என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவியின்மேல் அமைந்தவை. லினக்ஸ் கருவகத்தை உருவாக்கியோர் அதுவரை பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்னும் வணிகக் கருவிக்கான கட்டணமில்லா உரிமம் விலக்கிக்கொள்ளப்பட்டதை அடுத்து, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் இதனை எழுதத் தொடங்கினார். ஒரு நிறுவனத்தின் மனமாற்றத்தால் பணி நின்றுபோன பட்டறிவு இக்கருவியின் அமைப்பிலேயே பதிந்துள்ளது: கூட்டாளர் ஒவ்வொருவரின் கணினியிலும் களஞ்சியத்தின் முழு வரலாறும் ஒரு படியாக இருக்கும். 2014 டிசம்பர் இறுதியில் இந்திய அரசின் ஆணையால் கிட்ஹப் உள்ளிட்ட 32 தளங்கள் இந்தியாவில் முடக்கப்பட்டன. தடை சில நாள்களில் நீங்கியது. அந்நாள்களில் சென்னையில் இருந்த ஒருவர் தம் கணினியிலுள்ள படியைக் கொண்டு பணியைத் தொடர்ந்திருக்க முடியும். பிறருடன் அதனை இணைப்பதுதான் தாமதமாகியிருக்கும். ஓலைச்சுவடிகள் படியெடுக்கப்பட்டதால் பிழைத்தன என்பதை அறிந்த தமிழாய்வாளருக்கு இம்முறையின் நன்மையை விளக்க வேண்டுவதில்லை.

பாடபேதம் பார்த்துப் பழகியவருக்கும் கிட் அந்நியமானதன்று. யார், எப்போது, எந்த வரியை, எக்காரணத்தால் மாற்றினார் என்பதை அது பதிந்து வைக்கிறது. தென்னாசிய, தென்கிழக்காசியக் கல்வெட்டுகளை ஆராயும் தர்மா என்னும் ஐரோப்பியத் திட்டம் 2019இல் தொடங்கியது. அது தமிழ்க் கல்வெட்டுகளின் பாடங்களையும் எபிடாக் என்னும் குறியீட்டு முறையில் அமைத்து, அக்கோப்புகளைக் கிட்ஹப் தளத்தில் யாவரும் காண வைத்துள்ளது. கல்வெட்டு வரியொன்றில் ஐயத்துக்குரிய ஓர் எழுத்தை ஒருவர் முதலில் எவ்வாறு படித்தார், பின்னர் எவ்வாறு திருத்தினார் என்பதைப் பிறர் பின்தொடர இவ்வமைப்பு இடந்தருகிறது. அச்சுப் பதிப்பில் இறுதி முடிவு மட்டுமே தெரியும்.

இங்குத் தமிழுக்கே உரிய சில இடர்ப்பாடுகள் உள்ளன. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கையேடுகள் இவற்றைப் பெரும்பாலும் கூறுவதில்லையாதலால், சற்று விரிவாக நோக்குதல் தகும்.

முதலாவது, ஒருங்குகுறியில் ஒரே தோற்றத்துக்கு இருவகைச் சேமிப்பு இருத்தல். ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். எகரக் குறி, ஆகாரக் குறி என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறுவேறு. யாழ்ப்பாணத்தில் ஒருவரும் டொராண்டோவில் ஒருவரும் வெவ்வேறு விசைப்பலகைச் செயலிகளைப் பயன்படுத்தினால், எதுவும் மாறாத ஒரு கோப்பில் நூறு வரிகள் மாறிவிட்டதாகக் கிட் காட்டக்கூடும். இதைவிட நுண்ணியது, ஔகாரக் குறிக்கு மாறாக எகரக் குறியும் ளகரமும் இட்டு எழுதும் பழக்கம். ‘கௌரவம்’ என்பதை இவ்வாறு தவறாக உள்ளிட்டால் கண் ஏமாறும்; தேடுபொறியும் உருபனியல் பகுப்பியும் ஏமாறுவதில்லை. ‘ஸ்ரீ’ என்னும் எழுத்துக்கும் இத்தகைய இரட்டை நிலை உண்டு. 2005இல் ‘ஶ’ ஒருங்குகுறியில் சேர்க்கப்பட்டது முதல் அதனைக் கொண்டு அமைப்பது ஒரு முறையாகவும், ‘ஸ’வைக் கொண்டு அமைத்த பழைய முறை மற்றொன்றாகவும் வழங்குகின்றன. முதல் வகையை ஒருங்குகுறியின் இயல்பாக்க நிரல் ஒன்றே சரிசெய்துவிடும். மற்ற இரண்டுக்கும் குழு தனியே விதி எழுதிக்கொள்ளவேண்டும். எந்தத் தளத்தைத் தேர்ந்தாலும், ஒவ்வொரு மாற்றமும் உள்ளே வரும்போது இச்சோதனை தானாக நடைபெறுமாறு அமைக்க அத்தளம் இடந்தருகிறதா என்று பார்ப்பது தமிழ்க் குழுக்களுக்கு இன்றியமையாதது. கிட்ஹப், கிட்லேப் ஆகிய இரண்டும் அவ்வசதியைத் தருகின்றன.

இரண்டாவது, கோப்புப் பெயர்கள். தமிழில் பெயரிட்ட கோப்பு ஒன்றின் பெயரைக் கிட் தன் இயல்பான அமைப்பில் மூன்றிலக்க எண்களின் நீண்ட கோவையாகக் காட்டும். இது பழுதன்று, ஓர் அமைப்பு வரியை மாற்றினால் தமிழ்ப் பெயர் தெரியும். ஆயினும் முதன்முறை இதனைக் காணும் இலக்கிய ஆய்வாளர் கோப்பே சிதைந்துவிட்டது என்று அஞ்சி விலகியதுண்டு.

மூன்றாவது, வரி. கிட் வரி வரியாகவே ஒப்பிடும். தமிழ் உரைநடையை ஒரு பத்தி முழுவதும் ஒரே வரியாகத் தட்டச்சிட்டால், ஒரு சந்திப்பிழையைத் திருத்தினாலும் பத்தி முழுவதும் மாறியதாகத் தோன்றும். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதிக்கொள்வது எளிய தீர்வு. செய்யுளுக்கு இத்தொல்லை இல்லை. அடிகள் முன்னரே பிரிந்துள்ளன.

பட்டறையைத் தேர்தல்

கிட்டின்மேல் அமைந்த தளங்களுள் 2008இல் தொடங்கிய கிட்ஹப் மிகப் பெரியது. 2018இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 750 கோடி அமெரிக்க டாலர் பெறுமதியில் அதனை வாங்குவதாக அறிவித்து, அவ்வாண்டிலேயே தன்னுடையதாக்கிக்கொண்டது. அதன் பெருவலிமை ஆள்களே. உதவ விரும்பும் மாணவர் அங்கு முன்னரே கணக்கு வைத்திருப்பார்; தமிழ் மொழிக்கருவிகளுள் குறிப்பிடத்தக்கவை அங்கேயே உள்ளன; ‘ஓப்பன் தமிழ்’ என்னும் பைத்தான் நிரல்தொகுதியும் அவற்றுள் ஒன்று. ஆய்வு மென்பொருளுக்கெனவே 2016இல் தொடங்கிய ‘ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்’ இதழ் தன் மதிப்பாய்வையே அத்தளத்தில் யாவரும் காணும்படி நடத்துகிறது. மென்பொருளுக்கு உரிய மதிப்பைத் தேடும் இளம் ஆய்வாளர், அதுவும் பணியிடத் தேர்வுக் குழுவுக்குக் கட்டுரை எண்ணிக்கை காட்டவேண்டிய நிலையில் உள்ளவர், இதனைப் புறக்கணிக்க இயலாது.

அதன் குறை, அது ஒரு நாட்டின் சட்டத்துக்கு உட்பட்ட ஒரு நிறுவனத்தின் உடைமையாக இருப்பது. 2019இல் அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளின் காரணமாக ஈரான், சிரியா, கிரைமியா ஆகிய இடங்களிலிருந்த பயனர்களின் தனிக் களஞ்சியங்கள் அணுக முடியாதவையாயின. ஈரானியருக்கான வசதிகள் 2021 ஜனவரியில், அமெரிக்க அரசின் சிறப்பு உரிமம் பெற்ற பின்னரே மீண்டன. அவர்கள் செய்த பிழை யாதும் இல்லை. இருந்த இடமே காரணம். தமிழர் வாழும் நாடுகள் எவையும் இன்று அப்பட்டியலில் இல்லை என்பது உண்மை. ஆயினும் ஒரு கூட்டாளர் எந்நாட்டில் இருக்கிறார் என்பதைக்கொண்டு ஒரு தளம் அவரை வெளியே நிறுத்தக்கூடும் என்பதைப் புலம்பெயர்ந்தோர் குழுக்கள் நினைவிற்கொள்வது நன்று.

பெருநிறுவனம் நடத்துவதால் தளம் நிலைக்கும் என்றும் கொள்ளவியலாது. கூகுள் நிறுவனம் நடத்திய கூகுள் கோட் என்னும் தளம் மூடப்படும் என்று 2015இல் அறிவிக்கப்பட்டு, 2016 ஜனவரியில் அதன் சேவை நின்றது. 1999 முதல் இயங்கிவரும் சோர்ஸ்ஃபோர்ஜ் தளம் மூடப்படவில்லை. ஆனால் 2015இல் கிம்ப் என்னும் கட்டற்ற படச்செயலியின் விண்டோஸ் நிறுவுகோப்பில் விளம்பர மென்பொருளை இணைத்து வழங்கியதால் நம்பிக்கை இழந்தது. பிட்பக்கெட் தளம் 2020இல் மெர்க்குரியல் என்னும் கருவியில் அமைந்த களஞ்சியங்களை நீக்கியது.

கிட்லேப்பின் சிறப்பு, அதன் சமூகப் பதிப்பை ஒரு பல்கலைக்கழகம் தன் சொந்த வழங்கியில் நிறுவிக்கொள்ளலாம் என்பது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவும் இவ்வாறு நிறுவியுள்ளன. பிரான்சில் மானிடவியற்புல ஆய்வுகளுக்கான யூமா-நம் கட்டமைப்பு அனைத்து ஆய்வாளர்களுக்கும் பொதுவாக ஒன்றை நடத்துகிறது. தரவு எந்நாட்டில் இருக்கிறது என்று நிதி வழங்குவோர் கேட்டால் தெளிவாக விடைகூறலாம். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ளவரைச் சேர்ப்பதற்கு விருந்தினர் கணக்கு வேண்டும். அதற்குப் படிவம் வேண்டும். படிவத்துக்குப் பேராசிரியரின் ஒப்பம் வேண்டும். ஊதியமின்றி மாலை நேரங்களில் உழைக்கும் தன்னார்வலரை நம்பியுள்ள தமிழ்த் திட்டம் ஒன்றுக்கு இது பெருந்தடை. பெர்லினில் பதிவுபெற்ற இலாபநோக்கற்ற சங்கம் ஒன்று நடத்தும் கோட்பெர்க், இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது: விளம்பரமும் முதலீட்டாளரும் இல்லை, கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்படும் பணிகளுக்கு மட்டுமே அங்கு இடம். சிறு குழுக்களுக்கு அது போதும்.

இவற்றுள் எதனைத் தேர்ந்தாலும் நிரலின் வரலாற்றை வேறிடத்துக்கு மாற்றுவது எளிது. கிட்டின் இயல்பு அத்தகையது. மாறாதவை, நிரலைச் சூழ்ந்த உரையாடல்கள்: பிழை அறிக்கைகள், விவாதங்கள், ஏன் இந்த முடிவு எடுக்கப்பட்டது என்னும் விளக்கங்கள். அவை கிட்டுக்குள் இல்லை. தளத்தின் தரவுத்தளத்தில் உள்ளன. ‘படித்தான்’ என்பதில் ‘த்த்’ என்பதை இடைநிலையாகக் கொள்வதா, அதனைப் பகுக்காது விடுவதா என்று குழுவினர் ஒரு மாதம் விவாதித்து எடுத்த முடிவு அங்கேயே தங்கிவிடும். ஆதலால் முதன்மையான முடிவுகளை நிரலுடன் ஓர் உரைக்கோப்பாகவும் எழுதி வைப்பது அறிவுடைமை. இதனைச் செய்யும் குழுக்கள் மிகச் சில.

கட்டுரை எழுதும் இடம்

இதில் நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. குழுவினருள் ஒருவரேனும் லாடெக் அறியாதவராயின், கூகுள் டாக்ஸ் அல்லது பல்கலைக்கழகம் வழங்கும் அத்தகைய செயலியே நடைமுறைக்கு உகந்தது. மூத்த தமிழறிஞர் ஒருவரைக் கிட் கற்கச் சொல்லிக் கட்டுரையைத் தாமதப்படுத்துவதில் பொருளில்லை. மின்னஞ்சலில் ‘இறுதி’, ‘இறுதி-2’, ‘மெய்யான இறுதி’ என்று சுற்றிவரும் கோப்புகளைக் காட்டிலும் அது எவ்வளவோ மேல்.

லாடெக் அறிந்த குழுவுக்கு ஓவர்லீஃப் பொருந்தும். 2012இல் தொடங்கிய இத்தளம் 2017இல் தன் போட்டியாளராகிய ஷேர்லாடெக்குடன் இணைந்தது. தமிழில் எழுதுவோர் அங்கு முதலில் செய்யவேண்டியது, தொகுப்பியை மாற்றுவதாகும். பழைய பிடிஎஃப்லாடெக் தொகுப்பி ஒருங்குகுறித் தமிழுக்குப் பயன்படாது. ஸீலாடெக் அல்லது லுவாலாடெக் வேண்டும். லுவாலாடெக்கைத் தேர்ந்தால், எழுத்துருவுக்கு ஹார்ஃப்பஸ் என்னும் வரைவுப்பொறியைக் குறித்துச் சொல்லவேண்டும். இல்லையெனில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் எழுத்துக்கு முன் வரவேண்டியவை பின்னே வந்து நிற்கக் காணலாம். கட்டணமில்லாப் பயன்பாட்டில் கூட்டாளர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு என்பதையும் ஐவர் ஆறுவர் கொண்ட குழு முன்னரே அறிந்திருக்கவேண்டும்.

அகாடமியா, ரிசர்ச்கேட் ஆகியவற்றைப் பலர் ஆய்வுக் களஞ்சியங்கள் என்றே கருதுகின்றனர். இரண்டும் தனியார் வணிக நிறுவனங்கள். கட்டுரையை நால்வர் கண்ணிற் படச் செய்ய அவை உதவும். காத்துவைக்கும் பொறுப்பை அவற்றிடம் எதிர்பார்த்தல் கூடாது.

பெட்டகம்

காப்புக்கு இன்று மிகப் பரவலாகப் பயன்படுவது ஜெனோடோ. அலெக்சாந்திரியா நூலகத்தின் முதல் நூலகராகக் கருதப்படும் ஜெனோடோட்டஸ் பெயரால் அமைந்த இக்களஞ்சியத்தை, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஓப்பன்ஏர் திட்டத்துடன் இணைந்து ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகம் 2013இல் தொடங்கியது. எத்துறையினரும், எந்நாட்டவரும் கட்டணமின்றி இடலாம். ஒரு பதிவுக்கு 50 கிகாபைட் வரை இடமுண்டு. ஒவ்வொரு பதிவுக்கும் டிஓஐ எனப்படும் நிலையான அடையாள எண் வழங்கப்படும். மென்பொருளின் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி எண்ணும், எல்லாப் பதிப்புகளையும் ஒருசேரக் குறிக்க ஒரு பொது எண்ணும் கிடைக்கும். கட்டுரையில் தரவேண்டியது, ஆய்வுக்குப் பயன்பட்ட அந்தப் பதிப்பின் எண்ணையே. பொது எண்ணைத் தந்தால், அது பின்னர் வரும் புதிய பதிப்புக்கு வாசகரை அழைத்துச் செல்லும். அங்கே முடிவுகள் வேறாக இருக்கலாம்.

கிட்ஹப்பையும் ஜெனோடோவையும் இணைத்து வைக்கலாம். நிரலின் புதிய பதிப்பு வெளியிடப்படும்போது அதன் படியொன்று தானாகவே களஞ்சியத்துக்குச் செல்லும். ஆனால் செல்வது அக்கணத்தின் படி மட்டுமே, வரலாறு அன்று. இணைப்பை ஏற்படுத்துவதற்கு முன்னர் வெளியிட்ட பதிப்புகளும் தாமாகச் செல்வதில்லை. வரலாற்றையும் சேர்த்துக் காப்பது சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் என்னும் காப்பகம். பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனம் 2016இல் அறிவித்து, பின்னர் யுனெஸ்கோவின் ஆதரவுடன் நடத்திவரும் இது, பொதுவெளியிலுள்ள நிரல்களைத் தானே தேடிச் சேர்க்கிறது. முன்னர்க் குறிப்பிட்ட பிட்பக்கெட் நீக்கத்தின்போது ஏராளமான மெர்க்குரியல் களஞ்சியங்கள் இதனாலேயே பிழைத்தன. ஒருவர் தம் நிரலின் முகவரியைத் தந்து உடனே சேர்க்குமாறும் கேட்கலாம். கணக்கு எதுவும் வேண்டியதில்லை. சில நிமிட வேலை இது. தமிழ்க் கணிமையில் ஆசிரியர் கைவிட்ட, ஆனால் முகவரி இன்னும் திறக்கின்ற நிரல்களுக்கு இதனை யாரேனும் செய்யலாம்.

பொதுவெளியில் வைக்கலாகாதவை

திறந்த அறிவியல் குறித்த உரைகள் எல்லாவற்றையும் திறந்து வைக்கச் சொல்கின்றன. தமிழாய்வில், சிறப்பாக இலங்கைத் தமிழரின் போர்க்கால, இடப்பெயர்வு நினைவுகளை வாய்மொழியாகத் திரட்டுவோர் பணியில், இவ்வறிவுரையை அப்படியே கொள்ளுதல் பேரிடர் தரும். நேர்காணல் தந்தவர் ஐரோப்பாவில் பாதுகாப்பாக இருக்கலாம். அவர் குறிப்பிடும் தம்பி ஊரில் இருக்கிறார்.

கிட்டின் மேன்மையாக முன்னர்க் கூறப்பட்ட இயல்பே இங்குக் கேடாகிறது. நேர்காணல் எழுத்துப்படி ஒன்றைத் தவறுதலாகப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டு, மறுநாள் அதனை நீக்கினால், நீங்குவது இன்றைய தோற்றத்திலிருந்து மட்டுமே. வரலாற்றில் அது முழுமையாக உள்ளது. ஓரிரு கட்டளைகளில் எவரும் அதனை எடுக்கலாம். வரலாற்றைத் திருத்தி எழுதும் கருவிகள் உண்டு. ஆயினும் அதற்குள் ஒருவர் படியெடுத்திருந்தால், அல்லது காப்பகம் ஒன்று திரட்டியிருந்தால், அப்படிகளைத் திரும்பப் பெறும் வழி குழுவின் கையில் இல்லை. பெயரை மட்டும் மாற்றியதும் போதாது. ஊர்ப்பெயர், பள்ளி, இடம்பெயர்ந்த மாதம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் சிற்றூரில் ஆளை அடையாளம் காண அதிக நேரம் ஆகாது. திறன்பேசியில் எடுத்த ஒளிப்படங்கள் எடுத்த இடத்தின் அமைவையும் தம்முள் கொண்டிருக்கக்கூடும்.

ஆகவே இத்தகைய திட்டங்களில் ஒலிப்பதிவும் எழுத்துப்படியும் பல்கலைக்கழகத்தின் மறையாக்கம் செய்யப்பட்ட சேமிப்பகத்திலேயே இருக்கவேண்டும்; அவற்றை ஆராயும் நிரலும், அதனைச் சோதிக்கப் புனைந்த மாதிரி உரையும் மட்டுமே பொதுத் தளத்துக்குச் செல்லலாம். நேர்காணல் தரவுகள் உள்ள கோப்புறையைக் கிட் தொடவே கூடாது என்று முதல் நாளிலேயே விலக்கி வைப்பது, பின்னர் வருந்துவதினும் எளிது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையும் இதனையே சட்டக் கடமையாக்குகிறது. தம் பதிவை நீக்குமாறு கேட்க நேர்காணல் தந்தவருக்கு உரிமை உண்டு. நீக்கவியலாத இடத்தில் அதனை வைத்த ஆய்வாளர் அவருக்கு என்ன விடை கூறுவார்?

உரிமமும் உடைமையும்

பொதுத் தளத்தில் உரிமம் குறிக்காமல் வைத்த நிரலைப் பிறர் எடுத்தாளலாம் என்பது பரவலான தவறான எண்ணம். உரிமம் இல்லையேல் எல்லா உரிமையும் ஆக்கியோனுடையதே. பிறர் பார்க்கலாம், அவ்வளவே. நிரலுக்கு ஜிபிஎல், எம்ஐடி போன்ற மென்பொருள் உரிமங்களையும், கட்டுரைக்கும் தரவுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களையும் இடுவது வழக்கு. கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே தன் உரிமங்களை மென்பொருளுக்குப் பரிந்துரைப்பதில்லை. தரவாக இடப்படும் நூல்களின் பதிப்புரிமையையும் நோக்கவேண்டும். அது ஆசிரியர் மறைவுக்குப் பின் இந்தியாவில் 60 ஆண்டுகளும் இலங்கையில் 70 ஆண்டுகளும் நீடிக்கும். தமிழ்நாட்டில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இக்கணக்கில் தனிநிலை உடையவை.

உடைமை என்பதற்கு மற்றொரு பொருளும் உண்டு: களஞ்சியத்தின் திறவுகோல் யாரிடம் உள்ளது என்பது. தமிழ்த் திட்டங்களில் இது பெரும்பாலும் ஒரே ஒருவரிடம், அதுவும் அவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சலில் பதிந்த கணக்கில் இருக்கிறது. அவர் ஓய்வு பெறுகிறார். சில மாதங்களில் மின்னஞ்சல் மூடப்படுகிறது. கடவுச்சொல்லை மீட்கும் மடல் சென்றடைய முகவரி இல்லை. களஞ்சியம் அனைவர் கண்ணுக்கும் தெரியும். எவராலும் ஒரு பிழையைக்கூட அதில் திருத்த முடியாது. புலம்பெயர் நாடுகளில் தமிழுக்கெனப் பணியிடங்கள் அருகியிருப்பதால், ஓய்வுபெறுபவரின் இடத்துக்கு மற்றொருவர் வருவார் என்னும் உறுதியும் இல்லை.

லோசான் நகரில் வேதியியல் அறிஞராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், இத்தகைய தளங்கள் எவையும் இல்லாத காலத்தில் மின்னஞ்சலைக் கொண்டே பல நாட்டுத் தன்னார்வலரை ஒருங்கிணைத்து நூல்களைத் தட்டச்சிட்டு, மெய்ப்புப் பார்த்து வெளியிட்டது. திஸ்கி குறியேற்றத்திலிருந்து ஒருங்குகுறிக்கும் மாறியது. ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் உள்ளிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் உள்ளன. எவரும் படியெடுத்துப் பரப்பலாம், அம்முன்பகுதியை நீக்காதிருந்தால் போதும் என்னும் குறிப்பும் உடன் உள்ளது. கோப்பு எத்தனை இடங்களுக்குச் சென்றாலும் அதன் வரலாறு அதனுடனேயே செல்கிறது.

இன்று குழு ஒன்று கிட்ஹப்பிலோ கோட்பெர்க்கிலோ பணியைத் தொடங்கும் நாளிலேயே தனியாள் கணக்கில் அன்றி அமைப்புக் கணக்கில் களஞ்சியத்தை ஏற்படுத்தலாம். வெவ்வேறு நிறுவனங்களைச் சேர்ந்த இருவரையேனும் உரிமையாளராக்கி, அவர்களுள் ஒருவர் முனைவர் பட்ட மாணவராகவோ இளம் விரிவுரையாளராகவோ இருக்குமாறு பார்த்துக்கொள்ளலாம். பங்களித்தோர் பெயர்களையும் ஆர்கிட் எண்களையும் மேற்கோள் கோப்பு ஒன்றில் எழுதி நிரலுடன் வைக்கலாம். கிட்ஹப் 2021 முதல் இக்கோப்பைப் படித்து, எவ்வாறு மேற்கோள் காட்டவேண்டும் என்பதைத் தானே காட்டுகிறது. கணக்குகளைப் பதிய, பல்கலைக்கழகம் தந்த மின்னஞ்சலை விடுத்து, ஓய்வுக்குப் பின்னும் தம்முடன் இருக்கும் முகவரி ஒன்றை ஒவ்வொருவரும் பயன்படுத்தவேண்டும்.